இரண்டு கார்களும் கீர்த்தியின் காதும்

கீர்த்தியின் காதுக்குப் பின்னால் மாட்டியிருப்பது என்ன என்று வகுப்பில் எல்லோரும் கேட்கிறீர்களாம். பாட்டுக் கேட்கிற மெஷின் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். போலீஸ்காரர்கள் வைத்துக்கொள்வது என்று இன்னொருவர். உங்கள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க, நான் படிச்சுக் காட்டறேன்" என்றார். வாழையிலைக் கட்டுக்குச் சீட்டு எழுதுவதைத் தவிர எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் கீர்த்தியின் அப்பா நான்தானே, நான்தான் எழுத வேண்டும்.

காது கேட்க உதவுகிற அந்த மெஷினை வாங்க மைசூருக்குப் போய் நாலு நாள் இருந்து வந்தோம். அந்த நாலு நாளில் இரண்டு கார்களில் ஏறினோம். எந்தக் கார் நல்ல கார் என்று போகும்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். திரும்பி வரும்போது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. அதனால் இதில் காதைவிடக் கார் சமாசாரம் கொஞ்சம் அதிகமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் காரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். என் வெள்ளைக் கார்தான். உங்களில் நாலைந்து பேர் அதைத் தள்ளியே இருக்கிறீர்கள். நான் வாங்கும்போதே அது மூன்று பேரிடம் ஓடிய கார். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். இடது கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். சாவி போட்டால் எடுக்காது. அதனால் எங்கே போனாலும் மேடு பார்த்துத்தான் நிறுத்துவேன். இறக்கத்தில் உருளவிட்டு, இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை விட்டால் உயிர் வந்துவிடும். சமதரையில் நின்றுவிட்டால் தள்ளத்தான் வேண்டும்.

கீர்த்திக்கு அந்தக் காரில் ஒரு விளையாட்டு உண்டு. பின்சீட்டிலிருந்து கையை நீட்டி, கியர் கம்பியின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வருவாள். நான் கியர் மாற்ற மாற்ற விரலைக் காட்டுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணை மூடிக்கொண்டும் சரியாகக் காட்டுவாள். நடுக்கத்தை வைத்தே கண்டுபிடிக்கிறாள், கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவள் ஏன் கையால் கண்டுபிடிக்கிறாள் என்று யோசிக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் உங்கள் டீச்சர்தான், "இவ முதுகுப்பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பறதே இல்லீங்க, ஒருக்கா காதைக் காட்டிப் பாருங்க" என்றார்.

மைசூரில் காதுக்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஏற்கெனவே ஒரு தடவை பஸ்ஸில் போய், பரிசோதனை செய்து, காதுக்குள் ஏதோ மாவு மாதிரி வைத்து அச்சு எடுத்துக்கொண்டு வந்திருந்தோம். இந்தத் தடவை மெஷினை மாட்டிவிடக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. தவறினால் அடுத்து எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

பஸ்ஸில் போகாமல் காரில் போனதற்குக் காரணம் என் மச்சான். கீர்த்தியின் அம்மா பூங்கொடிக்கு அண்ணன். பேர் செல்வராசு. மைசூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவர், இப்போது ஆள் வைத்துக் கட்டடம் எடுத்துச் செய்கிறார். அவர் போனில், "மாப்ள, புதுசா ஒரு கார் எடுத்திருக்கறேன். வெள்ளிக்கிழமை பூஜை. இங்கத்த வாழை எனக்குப் பிடிக்கல. நம்மூர்ல இருந்து குலை தள்ளின மரமா ரெண்டு கொண்டாங்க" என்றார். இலை வியாபாரியிடம் வாழைமரம் கேட்டால் சின்னதாகவா கொண்டுபோவேன்? ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மரம், குலையோடு, காரின் தலையில் கட்டினேன்.

மாநில எல்லையில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கன்னடத்தில் ஏதோ கேட்டார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே, "கல்யாணமா?" என்றார்.

"இல்லீங்க, காருக்குப் பூஜைங்க" என்றாள் பூங்கொடி.

அவர் எங்கள் காரின் முகப்பைப் பார்த்தார். "இந்தக் காருக்கா?"

"இல்லீங்க சார், இது வேற. அங்க ஒண்ணு இருக்குது."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் விட்டுவிட்டார். நிறுத்தியது சமதரையில் என்பதால் அவரே ஒரு கை தள்ளினார்.

மைசூரில் என்னைக் குழப்பியது முதலில் வட்டங்கள்தான். நம் ஊரில் ரோடு என்றால் நேராக வந்து நேராகப் போகும். அங்கே ரோடுகள் எல்லாம் ஒரு வட்டத்தில் வந்து விழுகின்றன. நடுவில் ஒரு கோபுரக் கூடாரம், அதற்குள் ஒரு ராஜா சிலை. சுற்றிலும் பஸ், ஆட்டோ, ஜட்கா வண்டி. எந்தப் பக்கம் வெளியே போவது என்று தெரியாமல் நான் மூன்று முறை சுற்றினேன். நிறுத்தவும் முடியாது, மேடே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கீர்த்தி ஓரத்தில் நின்ற ஒரு பூக்கார அம்மாவுக்குக் கைகாட்டினாள். மூன்றாவது சுற்றில் அந்த அம்மாவும் கைகாட்டினார். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் எங்கள் வண்டி நம்பரைப் பார்த்துவிட்டு, "அண்ணா, எங்க போகணும்? சாமி சுத்தற மாதிரி சுத்தறீங்களே. என் பின்னாடி பன்னி" என்றார். கன்னடத்தில் அது 'வாருங்கள்' என்று பூங்கொடி சொன்னாள். அவர் பின்னாலேயே போய் வெளியே வந்தோம்.

மச்சான் வீடு ஊர் ஓரத்தில் ஒரு புது லேஅவுட்டில் இருக்கிறது. வாசலில் ஏதோ பெரிதாகத் துணி போட்டு மூடியிருந்தது. எங்களைக் கண்டதும் வாங்க என்று சொல்வதற்கு முன்னால் துணியை எடுத்தார். கருப்புக் கார். அதில் என் முகம், பின்னால் என் வெள்ளைக் கார், அதன் தலையில் வாழைமரம் எல்லாம் தெரிந்தன. ஒரு டாக்டர் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்றதாம்.

"ஏறுங்க மாப்ள, சாப்பிடப் போலாம்" என்றார்.

ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் கதவை ஓங்கி அடித்தேன். மச்சான் யாரோ தன் கன்னத்தில் அறைந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். "மாப்ள, மெதுவா கொண்டுபோய் வெச்சாப் போதும். மிச்சத்த அதுவே இழுத்துக்கும்." அப்புறம் காற்று வேண்டுமென்று கண்ணாடி சுற்றும் பிடியைத் தேடினேன். இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினேன். சீட்டு என்னோடு பின்னால் சாய்ந்தது. இன்னொன்றை அமுக்கினேன். முதுகு சூடானது. எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். சாவி போடும் துளையும் இல்லை. சாவி சட்டைப் பையிலேயே இருக்குமாம், காருக்கு அது தெரியுமாம்.

கார் கிளம்பியது. கிளம்பியது என்று வெளியே ஓடிய கடைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கீர்த்தி வழக்கம்போல் நடுவில் கையை நீட்டி உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். வேறு இடத்தில் வைத்தாள். கதவில் வைத்தாள், கடைசியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நின்னுச்சா?" என்றாள்.

இல்லை, ஓடுகிறது என்று சைகை செய்தேன். அவள் நம்பவில்லை. வெளியே எல்லாம் ஓடுகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. அம்மா மடியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. இத்தனை பெரிய கார், என் பிள்ளைக்கு ஓடுகிறோம் என்று சொல்லத் தெரியவில்லை பார் என்று நினைத்தேன்.

ஓட்டலில் செட் தோசை வந்தது. ஒரு தட்டில் பஞ்சு மாதிரி மூன்று தோசை, தொட்டுக்கொள்ள மஞ்சளாக சாகு என்று ஒரு காய்க்குழம்பு. நன்றாகவே இருந்தது. சாம்பார்தான் இனித்தது. மாற்றிப் பாயசம் ஊற்றிவிட்டாரோ என்று சர்வரைக் கூப்பிட்டேன். அவர் மச்சானிடம் கன்னடத்தில் சொன்னதை மச்சான் சொன்னார்: "வெல்லம் போடலன்னா அது ரசம், சாம்பார் இல்லங்கறார்." கீர்த்தி மூன்று கிண்ணம் குடித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்கே கோயில் வாசலில் பூஜை. மச்சானுக்கு ஓர் ஆசை. "மொத சவாரி என்ற மருமக காதுக்குத்தான் மாப்ள. பூஜை முடிஞ்ச கையோட நேரா ஆஸ்பத்திரி. உங்க வண்டி இங்கியே நிக்கட்டும்" என்றார். அவர் ஆசையாகச் சொல்லும்போது மறுக்க மனம் வரவில்லை. ஆனாலும் நாங்கள் வெள்ளைக் காரிலேயே அவர் பின்னால் கோயிலுக்கு வந்தோம். வாழைமரம் அதன் தலையில்தானே இருந்தது.

கருப்புக் காரின் முன்னால் இரண்டு பக்கமும் என் வாழைமரங்களைச் சேர்த்து நானே கட்டினேன். இலை விரிந்து முகப்பை மறைத்து அழகாக இருந்தது. நடுவில் சாமந்தி மாலை, பின்னால் ஒரு மாலை. ஐயர் நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, "ஏறி நசுக்குங்க" என்று கைகாட்டினார். நாங்கள் எல்லோரும் உள்ளே. மணி ஒன்பது.

மச்சான் பொத்தானை அமுக்கினார். திரையில் சிவப்பு. கீய்ங் கீய்ங் என்று கத்தல். கார் ஒரு சாண் நகர்ந்து, தானாகவே பிரேக் போட்டுக் குத்தி நின்றது. என் நெற்றி முன்சீட்டில் இடித்தது. மறுபடி ஒரு சாண், மறுபடி குத்து. பின்னால் எடுத்துப் பார்த்தார். அதற்கும் கத்தல், அதற்கும் குத்து.

கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லை என்றார் ஒருவர். கண்பட்டுவிட்டது, இன்னொரு பூசணி உடையுங்கள் என்றார் இன்னொருவர். கத்துகிற வண்டியை முன்பின் பார்த்ததில்லை போல, ஐயர் தள்ளி நின்று மணியடித்தார். மச்சான் வியர்த்துப்போய் யாருக்கோ போன் செய்துகொண்டே இருந்தார். அவர் மகள் திவ்யாவுக்கு இந்த மாதிரி விஷயம் எல்லாம் தெரியும், ஆனால் அவள் காலேஜில் போனை அணைத்து வைத்திருந்தாள். இரண்டாவது பூசணியும் உடைந்தது. வண்டி கத்திக்கொண்டேதான் இருந்தது.

ஒன்பதரை. பூங்கொடி கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "ஏனுங், நம்ம வண்டிய எடுங்க."

"கொஞ்சம் இரு கண்ணு, இப்பச் சரியாப் போயிரும்" என்றார் மச்சான்.

"அண்ணா, உங்க வண்டிக்கு நாளைக்குக்கூட நல்ல நேரம் பாத்துக்கலாம். புள்ளைக்குப் பத்து மணிதான்."

வெள்ளைக் கார் கோயில் வாசலில் சமதரையில் நின்றது. கருப்புக் காரை வேடிக்கை பார்த்த அத்தனை பேரும் அதைத் தள்ளினார்கள். குபுகுபுவென்று புகை விட்டுக் கிளம்பியது. அப்போது எனக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்வது! எந்தக் கார் நல்ல கார் என்று யாராவது கேட்டிருந்தால் கண்ணாடியை இறக்கிக் கத்தியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் மெஷினை மாட்டியது ஒரு சின்னப் பெண். கன்னடக்காரப் பெண், ஹாஸ்டலில் கூடத் தங்கிய தோழியிடம் தமிழ் கற்றுக்கொண்டாளாம். கீர்த்தியின் காதில் அச்சை வைத்து, மெஷினைப் பின்னால் கொக்கி மாதிரி தொங்கவிட்டு, ஒரு பொத்தானை அமுக்கினாள். கீர்த்தி அப்படியே இருந்தாள். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தாள். அதில் ஆஸ்பத்திரிச் சீட்டு மடித்து வைத்திருந்தேன். நான் அசைந்தபோது அது சரசரத்திருக்கிறது. அடுத்து மின்விசிறியைப் பார்த்தாள். அடுத்து என் செருப்பை. அவள் பார்த்த பிறகுதான் அதெல்லாம் சத்தம் போடுகிறது என்று எனக்கே தெரிந்தது.

அந்தப் பெண் பூங்கொடியிடம் சொன்னாள்: "அக்கா, மொதல்ல அமைதியான இடத்துல போடுங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. மொத நாள் பயந்துட்டா பிள்ளைங்க அப்புறம் போடவே மாட்டாங்க. நெறைய வீட்ல இது பீரோவுலதான் தூங்குது."

நன்றாகத் தலையாட்டினேன். அமைதியான இடம், ஞாபகம் வைத்துக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே போய், வாசல் சரிவில் நிறுத்தியிருந்த காரில் மெஷினோடு அவளை ஏற்றினேன். உருளவிட்டு, இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை விட்டேன்.

கீர்த்தி அப்படி அலறி நான் கேட்டதே இல்லை. இரண்டு கையாலும் காதை அடைத்துக்கொண்டாள். காரை நிறுத்துவதற்குள் மெஷினைப் பிய்த்து எறிந்துவிட்டாள். அது சீட்டுக்கு அடியில் காய்ந்த இலைச் சருகுக்குள் போய் விழுந்தது. பூங்கொடி தேடி எடுத்துச் சேலையில் துடைத்தாள். உடையவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பாவில் அதை வைத்து மூடிக்கொண்டே அவள் சொன்னாள்: "இத்தன வருசமா இதுல வர்றோம். இது இத்தனை சத்தம் போடும்னு இன்னிக்குத்தாங்க எனக்கே கேக்குது."

எனக்கும்தான். கூடவே இருக்கிறவனுக்கு எந்தச் சத்தமும் கேட்பதில்லை.

அன்று முழுவதும் கீர்த்தி மெஷினைத் தொடவிடவில்லை. டப்பாவைக் கண்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் டிவியை அணைத்தோம், மின்விசிறியை நிறுத்தினோம், எதற்கும் மசியவில்லை. பூங்கொடி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பீரோ என்று அந்தப் பெண் சொன்னது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

சாயங்காலம் திவ்யா காலேஜிலிருந்து வந்தாள். மச்சான், மெக்கானிக் வந்து இழுத்துக்கொண்டு போவதற்குக் காத்திருந்தார். கருப்புக் கார் கோயில் வாசலிலேயே மாலையும் மரமுமாக நின்றது. அவள் போய்ப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். அவளுக்குக் கன்னடம்தான் நன்றாக வரும், தமிழ் கொஞ்சம் சறுக்கும். "அப்பா, முன்னாடி பட்டன் பட்டனா இருக்கல்லவா, அதுதான் இதோட கண்ணு. மாவனோர, மாமாவோட மரம் கண்ணு முன்னாடியே நின்னா அது எப்படிப் போகும்? மரத்துல இடிக்கக் கூடாதுன்னு நின்னிருச்சு. பின்னாடி கண்ண மாலை மறைச்சிருச்சு." இரண்டு மரத்தையும் பின்னால் இருந்த மாலையையும் அவிழ்த்துவிட்டாள். கார் சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஆக, அந்தக் காரின் கண்ணைக் கட்டியது நான்தான். நம் காரின் முன்னால் தென்னைமரத்தையே கட்டினாலும் அது போகும், ஏனென்றால் அதற்குக் கண் கிடையாது. கண் இருப்பது நல்லதா, இல்லாதது நல்லதா? எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது அங்கேதான்.

சனிக்கிழமை காலை மச்சான் மலைக்கோயிலுக்குக் கூப்பிட்டார். கருப்புக் காரில்தான் போனோம். முந்தின நாள் நடந்ததற்கு அவருக்கு என்னைவிட வெட்கம். கீர்த்தி நடுவில் உட்கார்ந்து மறுபடியும் எல்லா இடத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஓடுதா?" என்றாள்.

ஓடுகிறது என்று தலையாட்டினேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் கைப்பையைத் தட்டினாள். பூங்கொடிக்குப் புரியவில்லை. அவளே பையைத் திறந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். கையால் கண்டுபிடிக்க முடியாததைக் காதால் கண்டுபிடிக்கப் போகிறாள்!

பூங்கொடி வாங்கினாள். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை மாட்டினாள். மச்சான் பெருமையாகப் பாட்டு வைக்கக் கையைக் கொண்டுபோனார். "அண்ணா, பாட்டு வேண்டாம்" என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். ஏசியையும் அணைத்துவிட்டார்.

மலைக்குத் திரும்புகிற இடத்தில் இண்டிகேட்டர் போட்டார். டிக், டிக், டிக். கீர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்னால் எட்டி அந்தப் பச்சை அம்பைப் பார்த்தாள். அது அணைந்து அணைந்து எரிவதும் டிக் என்பதும் ஒன்று என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. திருப்பம் முடிந்து சத்தம் நின்றதும், "இன்னும்" என்றாள்.

மச்சான் மறுபடி போட்டார். மலை ஏறுகிறவரை போட்டுக்கொண்டே போனார். பின்னால் வந்த வேன்காரர் திரும்பப்போகிறோமா இல்லையா என்று தெரியாமல் ஹாரன் அடித்து, கடைசியில் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, எங்கே ஐயா திரும்பப்போகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். மச்சான் தமிழிலேயே, "எங்கியும் இல்லீங்க, என்ற மருமக கேக்கறா" என்றார். அந்த ஆள் முழித்துக்கொண்டு போய்விட்டார்.

பாதி மலையில் ஓரமாக நிறுத்தினார். ஊர் முழுவதும் கீழே தெரிந்தது. பூங்கொடி சன்னலைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாக, வீட்டில் பேசுகிற குரலில், "கீர்த்தி" என்றாள்.

கீர்த்தி திரும்பினாள்.

முகத்தைப் பார்க்காமல், கையைத் தொடாமல், பேரைச் சொல்லி அவள் திரும்பியது அதுதான் முதல் தடவை. பூங்கொடி திரும்பி அவளைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தபடியே மறுபடி சொன்னாள். மறுபடி திரும்பினாள். மச்சான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அத்தனை பெரிய கார், சும்மா நிற்பதற்காகவே செய்தது மாதிரி நின்றது. எனக்கு அந்தக் காரின் மேல் கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இத எடுத்துட்டுப் போங்க மாப்ள. ஒரு மாசம் வெச்சுக்கங்க. புள்ள பழகட்டும். உங்க வண்டிய நான் சைட்டுக்கு ஓட்டிக்கறேன்."

நம் தோட்டத்துப் பாதையில் அந்தக் கார் வயிறு தட்டாமல் வராது. இலைக்கட்டை அதில் ஏற்ற முடியாது. ஏதாவது மரம் எதிரே நின்றால் நின்றுவிடும், நம் ஊரிலோ மரம்தான் இருக்கிறது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் பிள்ளைக்குக் காது கேட்பதைவிட இலைக்கட்டு பெரிதா? எடுத்துப் போகிறேன் என்று வாய் வரை வந்துவிட்டது. பூங்கொடியைப் பார்த்தேன். அவள் கீர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீர்த்தி எங்களைக் கவனிக்கவே இல்லை. வெள்ளைக் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மெஷினை அவளே கழற்றி, டப்பாவில் வைத்து, மூடியிருந்தாள். கையை நீட்டிக் கியர் கம்பியடியில் உள்ளங்கையை வைத்து, தயாராக ஒரு விரலைக் காட்டினாள்.

அந்தக் காருக்கு எது வேண்டும், இந்தக் காருக்கு எது வேண்டும் என்று எங்களைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காரில் காது. இந்தக் காரில் ஓடும்போது கை, நிற்கும்போது காது. மச்சானிடம் வேண்டாம் என்றேன். சரியாகச் சொன்னேனா, தெரியாது.

வழியெல்லாம் அவள் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள். தட்டினால் நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைக்க வேண்டும். அவள் மெஷினை மாட்டிக்கொண்டு வெளியே தலையை நீட்டுவாள். ஒரு வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது. ஒரு கரும்பு லாரி முனகிக்கொண்டு மேடு ஏறியது. ஒரு பெண் தொலைவில் இருந்த யாரையோ வசவு வசவென்று வைதாள், அதைக் கீர்த்தி மிகவும் ரசித்தாள். நான் இறக்கமாகப் பார்த்துத்தான் நிறுத்தினேன். சமதரையில் தோளைத் தட்டினால், "கொஞ்சம் இரு, மேடு வரட்டும்" என்று கைகாட்டினேன்.

ஹனூர் தாண்டி ஒரு நீளமான நேர்ரோடு. இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு. தட்டினாள். நான் கைகாட்டினேன். மறுபடி தட்டினாள். காற்றில் சோளத்தட்டை எல்லாம் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டிருந்தது. மேடு கண்ணுக்கெட்டிய தூரம் இல்லை.

"நிறுத்துங்க" என்றாள் பூங்கொடி.

"சமதரை. எடுக்காது."

"தெரியும். நான் தள்ளிக்கறேன். நிறுத்துங்க."

நிறுத்தினேன். எஞ்சின் அடங்கியதும் சோளக்காட்டின் சத்தம் உள்ளே வந்தது. மூன்று பேரும் கேட்டோம். நான் பிறந்ததிலிருந்து காட்டுக்குள்தான் இருக்கிறேன், அதை உட்கார்ந்து கேட்டதில்லை.

அப்புறம் பூங்கொடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போய்த் தள்ளினாள். கீர்த்தி மெஷினோடு பின்கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு, அம்மா மூச்சு வாங்குவதையும் என்னைத் திட்டுவதையும் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். கார் வேகம் பிடித்தது. நான் இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விடப்போனேன். விடவில்லை. காத்திருந்தேன்.

பின்சீட்டில் மெஷினைக் கழற்றி வைத்து டப்பாவை மூடுகிற சத்தம் டிக்கென்று கேட்டது. அதற்குப் பிறகுதான் விட்டேன்.

பிள்ளைகளே, இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். நீங்களும் அவளோடு பேசும்போது பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தாமல் ஒவ்வொருவராகப் பேசுங்கள். நாளைக்கு எங்கள் வண்டியைத் தள்ள வந்தால், அந்த டிக் சத்தம் வருகிற வரைக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளுங்கள்.